ஆள் எண்ணும் மரம்

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சைரன் அடித்தால் எல்லாரும் ஓடிப்போய் நிற்க வேண்டிய இடம் அரசமரத்தடி. பச்சை போர்டு நட்டிருக்கிறார்கள். அந்த மரத்தில் முறம் அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு தொங்கியது.

என் லைனில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஊரில் தேனீ கொட்டி, தொண்டை அடைத்து, சாகக் கிடந்து பிழைத்தவள். இன்னொரு கொட்டு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் சேஃப்டி ஆபீசரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"ஆடிட் முடியட்டும்மா. பிளான்ல அந்த எடம்தான் போட்டிருக்கு."

"தேனீ உங்க பிளான படிச்சிச்சா சார்?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

அடுத்த வாரம் ஒத்திகை. சைரன் அடித்து ஓய்ந்தபோது மரத்தடியில் நின்றோம். எல்லா மெஷினும் நின்றிருந்தது. ஆனாலும் ஒரு மெஷின் மட்டும் எங்கோ ஓடுவது போல் இரைச்சல். அண்ணாந்து பார்த்தேன். கூட்டின் மேல் கறுப்பாக ஓர் அலை மேலிருந்து கீழே ஓடியது. மறுபடியும் ஓடியது.

ஆபீசர் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. முதலிலிருந்து எண்ணினார். எண்ணி முடிக்கும்வரை யாரும் நகரக் கூடாதாம். நாற்பது பேரும் மரம் மாதிரி நின்றோம், மடையர்கள்.

"எக்கா, சத்தம் கூடுது" என்றாள் அவள்.

முதல் தேனீ என் தோளை உரசிப் போனது. அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கைய வீசாத. குனிஞ்சிகினு வா."

ஆபீசர் மரத்தடியிலிருந்தே விசில் ஊதினார். உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன். லைன் இருட்டாகக் கிடந்தது.

"எக்கா, இன்னும் கேக்குல்லா."

கேட்டது. அவள் தலையிலிருந்த லைன் தொப்பிக்குள்ளிருந்து.

"அசையாத."

தொப்பியை லேசாகத் தூக்கி, கையை உள்ளே விட்டுப் பொத்தினேன். உள்ளங்கையில் கங்கு வைத்த மாதிரி சுரீர் என்றது. நசுக்கினேன். கையிலிருந்து பழுத்த வாழைப்பழ வாசனை வந்தது, கொட்டிய தேனீ மற்றதைக் கூப்பிடும் வாசனை. கதவில் டப்பென்று ஒன்று மோதியது. பிறகு இன்னொன்று. பிறகு கண்ணாடியே கறுத்துப் போனது. மொய்த்த தேனீக்களின் இடுக்கில், கம்பெனி பஸ்ஸை நோக்கி எல்லாரும் ஓடுவது தெரிந்தது. முதலில் ஓடியவர் ஆபீசர்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கை வீங்கியது, மெமோவும் வந்தது: ஆள் எண்ணும்போது வரிசையை விட்டுப் போனேனாம். ஆமாம், போனேன், இனியும் போவேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

போர்டு அங்கேயேதான் இருக்கிறது. கூடும்தான். லைன் நிற்கும்போதெல்லாம் அவள் தொப்பியைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்க்கிறாள்.