எதிர்வீட்டுக்குக் கேட்ட சத்தம்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக நான்கு லாரி வைத்துக்கொண்டவன் நான். நாற்பது வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டி முடித்த கருநீலக் கார் கிடைத்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும். வேகத்தடையில் அடி தட்டாமல் ஏற்றி இறக்குவதே தனி வேலை. அது போதாதென்று திருச்சியில் ஒரு கடையில் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, சத்தம் போடுகிற வேறொன்றை மாட்டிக்கொண்டேன். பழையதை எடுத்துப் போகச் சொன்னார்கள். "இனிமே அது எதுக்குங்க" என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஸ்டார்ட் செய்தால் கார் மொத்தமும் அதிரும். ஆக்சிலேட்டரை மிதித்துச் சட்டென்று விட்டால் பின்னாலிருந்து பட்பட்டென்று வெடிக்கும். ஜெயங்கொண்டம் ரோட்டு டீக்கடையில் நிற்பவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டில் ஒரு பஸ் கண்டக்டர், அவர் மனைவி, ஏழு வயது மகள். அந்தப் பெண் அதிகம் பேச மாட்டாள், சிறப்புப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்ற வரைக்கும் எனக்குத் தெரியும். புது சைலன்சரோடு முதல் நாள், வழக்கமாகக் கிளம்புகிற காலை எட்டரைக்குக் காரை எடுத்தபோது, அவள் சன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குதித்துக் குதித்துக் கத்தினாள். நான் சிரித்துக் கையாட்டினேன். தீபாவளிக்கு வெடி போடும்போது பிள்ளைகள் அப்படித்தானே குதிக்கும். மறுநாளும் நின்றாள். அவளுக்காகவே இன்னும் இரண்டு முறை மிதித்துவிட்டுக் கிளம்பினேன். சில நாளில் அவள் சன்னலுக்கு வருவது நின்றுவிட்டது. உள்ளேயிருந்து கேட்பாள் என்று, அப்படி இரண்டு முறை மிதிப்பதை நான் நிறுத்தவில்லை. ஐந்து மாதம் இப்படிப் போனது.

பிறகு பேட்டரி செத்துப்போய் கார் ஒரு வாரம் வீட்டிலேயே நின்றது. பைக்கில் போய் வந்துகொண்டிருந்தேன். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, கண்டக்டரின் மனைவி என்னை வாசலில் நிறுத்தினார்.

"கார் எப்ப சார் ரெடியாவும்?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "ரெண்டு நாள்ல பேட்டரி வந்துடும்மா. என்ன, பாப்பா தேடுறாளா?"

"இல்லிங்க சார். என்னிக்குன்னு தெரிஞ்சா, நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியே அவளப் பின்னறைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இப்ப எப்ப எடுப்பீங்கன்னு தெரியாம, வெடிஞ்சதுலேருந்து அங்கேயே வெச்சிருக்கேன். அவளுக்குச் சத்தம் ஒத்துக்காது."

குரலில் கோபம் இல்லை. பால்காரரிடம் நேரம் கேட்பதுபோலத்தான் கேட்டார். "சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

அன்றைக்கே வெட்கப்பட்டேன் என்று எழுதினால் பொய். முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை மாதம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது என்ன என்று தோன்றியது. மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும். ஆவணியிலயே அந்தப் புள்ளையோட அம்மா எங்கிட்டச் சொல்லுச்சு. நான் உங்ககிட்டச் சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"சொன்னேன். ‘சத்தம் புடிக்கலன்னா வேற வூடு பாத்துக்கட்டும்’னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் என் வாயில் வரக்கூடிய வார்த்தைதான் அது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புது பேட்டரி போட்ட மறுநாள், காரைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை. தெருமுனை வரை தள்ளிவிடலாம் என்று, மனைவியைப் பின்னால் நிற்கவைத்து, நான் கதவோரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். தெருவே பார்த்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து கண்டக்டர் வந்தார். டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்தவர் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது.

"பேட்டரி இன்னும் சரியாவலிங்களா சார்?"

"ஆமாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ‘உங்க பாப்பாவுக்காகத்தான் தள்ளுறேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் செய்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் மனைவியை நகரச் சொல்லிவிட்டு, தெருமுனை வரை தம் பிடித்துத் தள்ளினார். முனையில் மூச்சு வாங்க நின்று, "செகண்ட் கியர்ல போடுங்க சார், இன்னும் கொஞ்சம் தள்ளுறேன்" என்றார்.

வேறு வழியில்லாமல் உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். காரைப் பார்த்தார், பிறகு தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டே வந்து, "பாத்துப் போங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

பெரம்பலூரில் மெக்கானிக் சிரித்தார். "சத்தத்த ஏத்தத்தான் சார் எல்லாரும் வருவாங்க. கொறைக்க வந்த மொத ஆளு நீங்கதான்." குழாயைக் காட்டினார். சத்தத்தை அடக்குகிற தடுப்பு ஒன்றுமே இல்லாமல், உள்ளே வெறும் ஓட்டைதான். நடுவில் வேறொரு சைலன்சர் டப்பாவை வைத்துப் பற்றவைக்கலாம் என்றார். வேலையைத் தொடங்குமுன் அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நான் ரோட்டைக் கடந்து போய் நின்றேன். எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்தான் இருக்கும். என் கார் சத்தத்தை வெளியே நின்று நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் ஆக்சிலேட்டரை விட்டதும் வெடித்த வெடியில் என் தோள் தன்னால் தூக்கிப் போட்டது. வரப்போவது தெரிந்திருந்தும் அப்படி.

இரண்டு முறை வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. முதல் தடவை வெளியே அடங்கினாலும், மெதுவாகப் போகும்போது ஒரு ரீங்காரம் இருந்தது. அதுவும் ஆகாது என்று மறுபடி போட வைத்தேன். சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது என் மனைவிக்கே கார் வந்தது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்குப் போனேன். கண்டக்டர் டியூட்டியில் இருந்தார். அவர் மனைவியிடம், "மன்னிச்சுக்கங்கம்மா. சந்தோஷத்துல குதிக்கிறான்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"பாத்திருக்கேன் சார். கையாட்டுவீங்க" என்றார். "பாசமா கையாட்டுறவங்ககிட்ட என்னன்னு சொல்றது? அதான் சொல்ல வாய் வரல."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. காபி குடிக்கச் சொன்னார். பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்த கண்டக்டரை டெப்போ வரை ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் அவரே, "இப்ப சத்தமே இல்லிங்க சார்" என்றார்.

"பாப்பா இப்ப பரவால்லிங்களா?"

"நல்லாருக்கா. காலையில எட்டரை ஆனா மட்டும் அவளாவே பின்னறைக்குப் போயிடுறா. வேணாம்மான்னு சொன்னாலும் கேக்கறதில்ல."

டெப்போ வாசலில் இறங்கியவர் குனிந்து, "ரொம்ப நன்றி சார், நேரத்துக்குக் கொண்டாந்து விட்டீங்க" என்றார்.