போனட்டுக்கு ஒரு பஞ்சு மெத்தை

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. போடிப் பக்கமிருந்து வரும் காற்று தேனியில் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது புழுதியையும் கூட்டிக்கொண்டு வரும். ஆபீசில் ஜன்னல் கதவு ஒருமுறை அடித்தால் போதும், ஷெட்டில் நிற்கும் காரின் நினைப்பு வந்துவிடும். ஷட்டரைக் கடைசிவரை இறக்கினேனா? மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். தட்டில் சோறு ஆறும். நான் ஷெட்டில் நிற்பேன்.

கறுப்பு கார். கறுப்பு வேண்டாம், தூசி பளிச்சென்று தெரியும் என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. சாக்கைச் சுருட்டி அடைத்தேன். காற்று சாக்கைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது. கவர் வாங்கிப் போட்டேன். அதன் துணி முரடாக இருக்கிறதோ என்று அன்றைக்கே உறுத்தல் தொடங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் மெத்தென்று இருப்பதற்கு இலவம்பஞ்சை விட்டால் வேறு பேச்சில்லை. ஆகவே போடியில் மெத்தை தைப்பவரிடம் போய், பழைய சேலைத் துணியில் போனட் அளவுக்கு ஒன்றும் மேற்கூரை அளவுக்கு ஒன்றும் மெல்லிசாகத் தைக்கச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"குடுத்து வச்ச காரு சார்" என்றார்.

தினமும் சாயங்காலம் உலர்ந்த துணியால் காரைத் துடைத்து, மெத்தையைப் போர்த்தி, அதன்மேல் கவரை இழுத்துக் கட்டுவேன். அதற்கப்புறம்தான் காப்பி இறங்கும்.

என் மனைவி லைசென்ஸ் எடுத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சின்னமனூர்ப் பக்கம் ஓடைப்பட்டியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. காற்று அடங்கட்டும் என்பேன். அடங்கினால் மழை என்பேன். மழை விட்டால் ரோட்டில் சேறு என்பேன். இலவு காத்த கிளிதான் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினேன். போனட் முழுக்க மெல்லிய கோடுகள். இரண்டு நாள் முன்பு தேங்காய் எடுக்க அவள் ஷெட்டுக்குள் போனது ஞாபகம் வந்தது. கையில் கண்ணாடி வளையல். நான் வேறெதையும் யோசிக்கவே இல்லை.

"வளையலோட போய் வண்டில சாஞ்சியா?"

"நான் தொடவே இல்லங்க."

"தொடாமத்தான் கோடு விழுந்துச்சா? உன் கையில சாவியக் குடுக்காதது நல்லதாப் போச்சு."

அவள் வளையல்களைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள். அதற்குப் பிறகு அடுப்படியில் அவள் கை சத்தமில்லாமல் வேலை செய்தது. நாலு நாள் அந்த வளையல் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டுக்குள் அலைந்தேன்.

ஐந்தாம் நாள் பாலிஷ் போட காரை வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"வளையல்னா ஆழமா ஒண்ணு ரெண்டு விழும் சார். இது அம்புட்டும் துணி தேச்ச கோடு. மேல என்னத்தப் போட்டு வச்சிருந்தீக?"

"இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு கீறுமா?"

"பஞ்சு கீறாது. தண்ணி ஊத்தாம வெறுந்துணில தொடச்சா மண்ணு அங்கனயேதான் கெடக்கும். அதுமேல மெத்தையப் போட்டு அமுக்கி, காத்து வேற ஆட்டுனா? அம்மில வச்சு அரைச்ச மாதிரித்தான்."

வீட்டுக்கு வந்து மெத்தையைத் திருப்பிப் போட்டுத் தடவினேன். நறநறவென்றது. கார்க் கதவுகளில் ஒரு கோடுகூட இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாய்கிறவள் கதவில் அல்லவா சாய்ந்திருப்பாள்? அன்றைக்கே பார்த்திருக்கலாம். பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. வெட்கமாக இருந்தது.

பாலிஷ் முடிந்து கார் வந்த அன்று, அவள் பையுடன் ஓடைப்பட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷெட்டு வாசலில் மறித்துச் சொன்னேன்: கீறியது மெத்தை, தப்பு என்னுடையது. சாவியை நீட்டினேன்.

"நீயே ஓட்டிட்டுப் போ."

அவள் சாவியை வாங்கிக்கொண்டு காரைப் பார்த்தாள். முகம் தெரிகிற பளபளப்பு.

"பெயிண்டுல விழுந்தத பாலிஷ் போட்டு எடுத்துட்டீக. நீங்க சொன்னத எதப் போட்டு எடுப்பீக?"

அவள் சாவியைப் போனட் மேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கினாள்.

போகாதே என்று கையைப் பிடித்திருக்கலாம். பையையாவது வாங்கியிருக்கலாம். இரும்புச் சாவி, புது பாலிஷ், கீறிவிடுமே என்று என் கை பாய்ந்து சாவியைத்தான் எடுத்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சின்னமனூர் பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு புழுதிக்குள் நடந்தாள்.