இனயத்துக்கு வழி சொன்னவர்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம். இனயம் என்ற கடற்கரை ஊரில் பத்து மணிக்கு நண்பனின் கல்யாணம். மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவிடம், பேருந்து எப்போது வரும் என்று பதற்றமாகக் கேட்கிறேன்.

“அது வெள்ளனயே போயாச்சு மக்கா, இனி கருங்கல் வண்டியில கேறிக்க.”

ராகம் நன்றாக இருக்கிறது, பொருள்தான் பிடிபடவில்லை. மறுபடி கேட்கிறேன். அக்கா அதையே இன்னும் வேகமாகப் பாடுகிறார்.

தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் பலகை வைத்த டீக்கடையில் பூரி தேய்க்கும் அசாம்காரர் தலையை நீட்டுகிறார்.

“அண்ணே, உங்க பஸ் காலையிலேயே போயிடுச்சு. அதோ, கருங்கல் பஸ்ல ஏறுங்க.”

ஓடி ஏறி ஜன்னலோரம் உட்காருகிறேன். அக்கா அவரிடம் விசாரிப்பது காதில் விழுகிறது.

“அது எந்த ஊருக்காரரு மக்கா?”

“சென்னை, அக்கா. கொஞ்ச நாள் இஞ்ச நின்னா தமிழ் படிச்சிருவாரு.”