ரோபோவுக்கு எந்தப் பக்கம் வெயில்?

மலேசியாவின் புலாவ் செபாங் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். நகங்களில் நீல பெயிண்ட். கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் வேலை என்றார். எதையும் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துத்தான் பார்த்தார்.

என் மடிக்கணினியையும் அப்படித்தான் பார்த்தார். வேலை இழந்திருந்த என்னிடம் ஒரு கணினி விளையாட்டு நிறுவனம், சின்னச் சின்னக் கட்டங்களால் ஒரு மஞ்சள் ரோபோ வரைந்து தரச் சொல்லியிருந்தது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று மாலைதான் கடைசிக் கெடு.

“அண்ணே, இந்த ரோபோவுக்கு எந்தப் பக்கம் வெயில்?”

வெயிலை நான் யோசிக்கவே இல்லை. விளிம்பு முழுவதும் கறுப்பைக் கலந்து, அதையே நிழல் என்று நினைத்திருந்தேன்.

“சுத்திக் கறுப்பு வச்சா அழுக்கு மாதிரிதான் தெரியும் லா. வாசல்ல நிக்கிற அந்த மஞ்ச காரப் பாருங்க. நிழல்ல கறுப்பாவா இருக்கு?”

பார்த்தேன். வெயில் பட்ட கூரை வெளிர்மஞ்சள். கதவின் அடிப்பகுதி செம்பழுப்பு. கறுப்பு எங்குமே இல்லை.

அவரும் அதே ரயிலில்தான் ஏறினார். உட்கார்ந்ததும் வெளிச்சத்தை இடப்பக்கம் மட்டும் வைத்தேன். வலப்பக்க நிழலைச் செம்பழுப்பாக மாற்றினேன். தட்டையாகக் கிடந்த ரோபோவின் மார்பு உருண்டு எழுந்தது. காட்டலாமென்று நிமிர்ந்தால், அவர் எங்கோ இறங்கிப் போயிருந்தார்.

ரோபோவை ஏற்றுக்கொண்டார்கள், வேலையும் தந்தார்கள். பிறகு புலாவ் செபாங் கார்ப் பட்டறைகளில் ஏறி இறங்கி விசாரித்தேன். “பொம்பளையா? இங்க யாரும் இல்லையே” என்றார்கள். ஒரு நன்றி சொல்லத்தான் இன்னும் தேடுகிறேன்.