மேட்டில் மட்டும் இழுக்காத வண்டி

கடற்கரையில் அவளைக் கயித்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இழுவைக் கயிறு எந்நேரமும் அவள் தோளில் சுற்றிக் கிடக்கும். கணவர் போன பிறகு, அவர் விட்டுச் சென்ற ஏடிவியை, அந்த நாலு சக்கர மணல் வண்டியை, விற்றுவிடச் சொல்லிச் சொந்தமெல்லாம் நச்சரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாரம் மணலில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். கரைக்கு வரும் படகுகளை வண்டியில் கட்டி மேட்டுக்கு ஏற்றிவிடுவதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு.

அந்த வருடம் வண்டி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் இல்லை. நின்ற இடத்திலிருந்து படகைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. கைப்பிடியில் இருக்கும் ஆக்ஸிலேட்டரைக் கட்டைவிரலால் அழுத்தினால் எஞ்சின் முனகும்; வண்டி இரண்டடி நகர்ந்து மணலில் உட்கார்ந்துகொள்ளும்.

மெக்கானிக் தார் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார்.

"வண்டி பறக்குதேக்கா. இதுல என்ன குறை?"

"ரோட்டுல பறக்குது தம்பி. படகைக் கட்டினா மேட்டுல எழுந்திருக்க மாட்டேங்குது."

"படகு கனமா இருந்திருக்கும்."

"போன மாசமும் அதே படகைத்தான் இழுத்தேன்."

ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார். பிளக்கை மாற்றினார். மறுபடியும் ரோட்டில் ஓட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைவது போலிருந்தது அவளுக்கு. தான் சொல்வது பொய்யோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

மூன்றாவது முறை போனபோது அவள் தோளிலிருந்த கயிற்றை இறக்கினாள். பட்டறை வாசலில் நின்ற மெக்கானிக்கின் சொந்த வேனை அந்தக் கயிற்றால் வண்டியோடு கட்டினாள்.

"இப்ப இழுத்துப் பாருங்க."

எஞ்சின் முனகியது. வேன் அசையவில்லை. அவர் முகம் மாறியது. இறங்கிப் பெல்ட் மூடியைக் கழற்றி, பெல்ட் சுற்றும் பின்புறப் புல்லிச் சக்கரத்தின் முகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். மூடி, இன்னொரு முறை இழுத்துவிட்டுத் திறந்தார். உள்பக்கம் கோடு அழிந்திருந்தது. விளிம்பில் மை அப்படியே இருந்தது.

"கிளம்பும்போது பெல்ட் இந்த விளிம்புல நிக்கணும்க்கா. தேய்ஞ்சு ஒல்லியாகி உள்ள இறங்கிடுச்சு. சைக்கிள்ல கனமான கியரப் போட்டு மேடேறுற கதைதான். நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

புது பெல்ட் போட்டார். பாதிதான் சரியாயிற்று. பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்ப்ரிங்கும் தளர்ந்து போயிருந்தது. அந்தப் பழைய மாடலுக்கு ஸ்ப்ரிங் வெளியூரிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"சின்னப் படகா இழுங்க."

பதினோராம் நாள் மதியம் புயல் எச்சரிக்கை வந்தது. எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரைக்கு முண்டியடித்தன. சிறியவற்றை அவள் ஒவ்வொன்றாக மேலேற்றினாள். பெரிய படகு அவள் அண்ணனுடையது.

"மத்தவங்களத முதல்ல ஏத்து. என்னோடத கடைசில பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

கடைசியில் அதைக் கட்டியபோது அலை ஆள் உயரம் வந்துவிட்டது. பத்துப் பேர் தோள் கொடுத்தார்கள். அவள் ஆக்ஸிலேட்டரை அடிவரை அழுத்தினாள். எஞ்சின் கத்தியது, பெல்ட் வழுக்கிக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. படகு ஒரு முழம் ஏறும். கடல் அதை ஒன்றரை முழம் பின்னுக்கு இழுக்கும். வண்டியும் கூடவே சரியத் தொடங்கியது.

அண்ணன் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

"விடு. வண்டியாவது மிஞ்சட்டும்."

படகு பாறையில் மோதி உடைவதை அவள் இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். கட்டைவிரல் மட்டும் ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

ஸ்ப்ரிங் மூன்று நாள் கழித்து வந்தது. வண்டி தொட்டவுடன் கிளம்பியது. மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் கருவிகளை எடுத்து வைத்தார். அண்ணன் ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அண்ணி மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய ஸ்ப்ரிங்கை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். புதியது ஒன்றையும் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கியிருந்தாள். இரண்டையும் சமையலறை மேடையில் நிறுத்தி வைத்தாள். பழையது விரல் அகலம் குட்டையாக இருந்தது.

"இவ்வளவுதான் வித்தியாசம் அண்ணி."

அண்ணி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்தார். இரண்டின் தலையிலும் உள்ளங்கையை வைத்து மாறி மாறி அழுத்தினார்.

"இந்த விரலளவுக்கா நம்ம படகு போச்சு?"

"ஆமா."

அண்ணி பழையதை மறுபடி அழுத்தினார், விட்டார், அழுத்தினார்.