போடாதீங்கன்னு சொன்னேன்ல

பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை நான். கரண்டுக்குத்தான் பயப்படுவேன். பழைய விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பது இருபத்திரண்டு வருடமாக என் தொழில். அதனால் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது.

அது ஒரு விளையாட்டுக் கூடம். வார விடுமுறை என்பதால் அன்று ஈ, காக்கை இல்லை. பின் மூலையில் ஒரு பழைய பின்பால் மெஷின். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருண்டு மணியை அடிக்கும். எண் சக்கரங்கள் சுழன்று புள்ளி காட்டும். அந்தக் காலத்து ரகம்.

"ஒரு வருஷமா சும்மா கிடந்துச்சு. விக்கலாம்னு போட்டா ஃபியூஸ் நிக்க மாட்டேங்குது. நாளைக்கு வாங்குறவர் வர்றார். எப்படியாவது ஓட வச்சிருங்க" என்றார் முதலாளி.

மணி 2.10. ஆட்டப் பலகையைத் தூக்கி நிறுத்தினேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். சூடு... பிளக் காலையிலிருந்தே பிடுங்கித்தான் கிடந்ததாம்.

புது ஃபியூஸ் போட்டு, பிளக்கைச் செருகி, சுவர் சுவிட்சைப் போட்டேன். முதலாளி வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். 2.35க்கு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. குண்டு உருண்டது. மணி அடித்தது. அவர் பக்கத்தில் வந்தார்.

டப்!

ஃபியூஸ் போய்விட்டது. வேறு போட்டேன். அவர் தள்ளிப் போனால் ஓடியது. கிட்டே வந்தால்... டப்!

மூன்றாவது தடவை விளையாட்டாகச் சொன்னேன்: "இதுக்கு உங்களைக் கண்டாலே ஆகல சார்."

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "வேலையைப் பாருங்க" என்று வெளியே போய்விட்டார்.

3.05. உள்ளே ஒரு ஒயரில் உறை உரிந்திருந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டேன். முதலாளி பொறுமையிழந்து வந்தார். நேராகச் சுவர் சுவிட்சுக்குப் போனார்.

"இன்னும் முடியலையா? நான் போட்டுப் பாக்குறேன்."

"கை உள்ளே இருக்கு. போடாதீங்க!"

"அட, ஒண்ணும் ஆகாது."

போட்டார்.

பிளக் என் மடியில். ஒன்றும் ஆகாதுதான். ஆனால்...

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். ஐந்து விரல்கள். சில்லென்று.

மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"போடாதீங்கன்னு சொன்னேன்ல...?"

அது என் குரல் இல்லை.

டக்... டக்... டக்... சக்கரங்கள் சுழன்றன. எல்லா விளக்கும் எரிந்தது. மணிகள் நிற்காமல் அடித்தன. பிளக் இன்னும் என் மடியில்.

முதலாளியின் விரல் சுவிட்சை விட்டு வரவில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கருகும் நாற்றம்...

மர ஸ்டூலால் அவர் கையில் ஓங்கி அடித்தேன். விழுந்தார்.

எல்லாம் அணைந்தது.

3.12.

உயிர் பிழைத்தார். வலது கையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட இடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்காமலே முணுமுணுத்தார்.

"போன வருஷம் வந்த மெக்கானிக்கும் இப்படித்தான் கத்தினான். அவன் கையும் உள்ளேதான் இருந்துச்சு. நான் கேக்கல... செத்துட்டான். அவன் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அன்று மாலை மின்சார ஆய்வாளர் போன் செய்தார். அந்த சுவிட்சுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தாராம்.

"நிஜமாவே இங்கதான் ஷாக் அடிச்சுதா? உள்ளே ஒயர் எப்பவோ எரிஞ்சு அறுந்து கிடக்கு. முனையில சிலந்தி கூடு கட்டி, குஞ்சு பொரிச்சுப் போயிருக்கு. இந்த சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் ஒரு வருஷமா கரண்டே கிடையாதுங்க."