ஃபெக்டரி இறக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி இறக்கத்தில், பயிற்சியாளரான ஒரு தம்பி என் மகளுக்கு மவுண்டன் பைக் பழக்கிக்கொண்டிருந்தார். சூடேறிய பிரேக் ரப்பரின் வாசனை வந்ததும், பக்கத்தில் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

சிறுவயதில், ஞாயிற்றுக்கிழமை அப்பா தூங்கும் நேரம், அவருடைய கனத்த சைக்கிளை லயத்து வீட்டிலிருந்து சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வருவோம். இதே இறக்கத்தில் அக்கா சீட்டை விட்டு எழும்பி, இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு பறப்பாள். அன்றைக்கும் இதே வாசனைதான்.

"முன் பிரேக்க மட்டும் இறுக்காத, தூக்கி வீசிரும். உருளுற சில்லப் பாக்காத, வளைவப் பாரு" என்பாள் என்னிடம். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விழுந்து விழுந்து தானாகக் கண்டுபிடித்தது.

அவள் வயதுக்கு வந்ததும் அம்மா, "இனி சைக்கிளத் தொட்டா கால ஒடிச்சிருவேன்" என்றார். அதன்பிறகு கொழுந்துக் கூடையைச் சுமந்து, இந்த இறக்கத்தை ஆயுசு முழுக்க நடந்தே கடந்தாள்.

"சில்லப் பாக்காத தங்கச்சி, வளைவப் பாரு!" என்று அந்தத் தம்பி மகளிடம் கத்தினார். அக்கா சிரித்துவிட்டாள்.

"நீங்களும் சைக்கிள் ஓடிப் பாருங்க அக்கா" என்று அவர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அக்கா ஹேண்டிலைப் பிடித்தாள். கண் தானாக வளைவுக்குப் போனது.

"மொழங்கால் மடங்காது தம்பி" என்றாள்.

அவர் சைக்கிளைத் திரும்ப வாங்கக் கை நீட்டியபோதும், பிரேக்கின் மேலிருந்த விரல்களை அவள் எடுக்கவில்லை.